என் மனுவுக்கு என் ஆட்சேபணை

விவாகரத்தாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு சம்பத்தும் நானும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். அதற்குக் குறுக்கே வந்து நின்றது வேறு யாருமில்லை, நானேதான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் நேத்ராவுக்குப் பன்னிரண்டு வயது. குடும்ப நீதிமன்ற உத்தரவுப்படி அவள் என்னிடம் வளர்கிறாள். அப்பாவைப் பார்க்கலாம், ஆனால் 'தாயின் நேரடி மேற்பார்வையில் மட்டும்'. இந்த நான்கு சொற்களையும் அவள் கையிலிருக்கும் பட்டையில் ஏற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ அடுக்குமாடிக் குடியிருப்போ, எங்கள் ஊரில் எல்லாக் கதவுக்கும் அந்தப் பட்டையைப் படிக்கத் தெரியும். நான் பக்கத்தில் இல்லாமல் சம்பத் அவளை நெருங்கினால் கதவு திறக்காது. மீறி நின்றால் போலீசுக்குத் தகவல் போய்விடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். அப்பாவும் பொண்ணும் இறகுப்பந்து ஆடுவார்கள். ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகப்போக முறைக்கவும் சலித்துப்போனது. சம்பத் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கிவர ஆரம்பித்தார், நானும் குடிக்க ஆரம்பித்தேன்.

போன ஆடியில் நேத்ரா பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கென்று பார்த்து, புது மெஷின் பழக ஈரோட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சம்பத்தின் மோட்டார் பட்டறையோ அந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. போன் செய்தேன், கிரீஸ் கையோடு ஓடினார். கதவு திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். இந்தப் பக்கம் இவர் நிற்கிறார். நான் போனில் காவலாளியிடம், "நான்தாங்க அம்மா, நானே சொல்றேன், அவரை விடுங்க" என்று கெஞ்சுகிறேன். கதவுக்குப் போனில் பேசும் அம்மா அம்மா இல்லையாம், நேரில் நிற்க வேண்டுமாம். நான் போய்ச் சேர்வதற்குள் மாவுக்கட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். சம்பத்தை ஒரு போலீஸ்காரர் ஓரமாக உட்காரவைத்து எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நேத்ரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சண்டை போட்டது நீங்க ரெண்டு பேரு. பட்டை எதுக்கும்மா என் கையில?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சம்பத்தைக் கூப்பிட்டு, உத்தரவை மாற்றிவிடலாம் என்றேன். அவர் போனிலேயே அழுதுவிட்டார்.

பழைய வக்கீல் நாச்சிமுத்துவிடமே போனேன். அவர் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"மனு எழுதறது பெரிய வேலை இல்லீங்க அம்மிணி. ஆனா உங்க பிரதி ஒத்துக்கோணுமே."

"நாங்க ரெண்டு பேருமே வந்து சம்மதம்னு சொல்றோம் சார். அப்புறம் பிரதி எதுக்குங்க?"

"நீங்க சொன்னாத்தானுங்க சந்தேகமே வரும்" என்று சிரித்தார். "முந்தியெல்லாம் என்ன நடந்துச்சு? உத்தரவு வாங்குன பொம்பளைய அண்ணன்காரன், மாமன்காரன் எல்லாம் கூடி உக்காந்து மிரட்டி, விட்டுக் கொடுத்துட்டேன்னு கையெழுத்து வாங்கிப்போட்டாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டமே வந்துச்சு. உத்தரவு போடற அன்னிக்கே தலையில வலையை மாட்டி, உங்க மனசு நெனப்பு எல்லாத்தையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கறாங்க. அந்தப் பிரதியை யாரு மிரட்ட முடியும்? அதுக்குச் சோறு வேண்டாம், சொந்தமும் வேண்டாம். சட்டப்படி அந்த உத்தரவுல இருக்கற கோகிலவாணி அதுதான். நீங்க சும்மா வெளிய நடமாடறவங்க."

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கள் ஊர்க்காரர்கள் எந்த லட்சணத்தில் பயன்படுத்தினோம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிரதி எடுக்கும் நாளுக்கு வேன் பிடித்துச் சொந்தபந்தத்தைக் கூட்டிவருவது இங்கே வழக்கமாகிவிட்டது. நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் பெரியம்மாக்களும் சித்திகளும் சுற்றி உட்கார்ந்து, அவன் அன்றைக்கு என்ன சொன்னான், அவன் அக்கா என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். நன்றாகக் கொதிநிலைக்கு வந்ததும் உள்ளே அனுப்புவார்கள். கோபமாக எடுத்தால்தான் பிரதி கெட்டியாக நிற்கும், இளகின பிரதி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. என்னைப் பட்டினியாக வரச்சொன்னவரே இந்த நாச்சிமுத்துதான்.

"அன்னிக்கு நெலமை அப்படிங்க. சொல்லாமக் கொள்ளாம பிள்ளையைத் தூக்கிட்டுப் பழனிக்குப் போயிட்டாரில்லீங்களா உங்க வீட்டுக்காரரு?" என்றார் வக்கீல்.

அது உண்மைதான். மூன்று நாள் பிள்ளை எங்கே என்று தெரியாமல் நான் பைத்தியம் பிடித்தவளாகத் திரிந்தேன். அந்தக் கோபத்தில் பொய் எதுவுமில்லை. அது ஆறு வருஷத்தில் ஆறிப்போனது என்பதைத்தான் யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை.

சம்பத்துக்கும் அன்றைக்கே ஒரு பிரதி எடுத்திருந்தார்கள், அது கேட்டதுமே சம்மதம் சொல்லிவிட்டது. அது அன்றைக்கே கேட்டது இதைத்தானே. அடுத்து என்னுடையது.

சின்ன அறை, ஆளுயரத் திரை, ஓரத்தில் ஒரு பிரதி அலுவலர், என் பின்னால் நாச்சிமுத்து. திரையில் நான் வந்தேன். மாம்பழக் கலர் சுடிதார், வீங்கிய கண், உதறி முடிந்த தலை. இவ்வளவு ஒல்லியாக இருந்தேனா என்றுதான் முதலில் தோன்றியது.

"உன்னை யாரு மிரட்டறாங்க?" என்றாள்.

"யாரும் மிரட்டல. நானாத்தான் வந்திருக்கேன்."

"மிரட்டுனா இப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க. வெளிய யாரு நிக்கறா? சம்பத்தா?"

சம்பத் வெளியேதான் நின்றிருந்தார். பொய் சொல்ல வரவில்லை, ஆமாம் என்றேன். அவள் அலுவலர் பக்கம் திரும்பி, "எழுதிக்கங்க மேடம், எதிர்க்கட்சி வாசல்லயே நின்னுட்டிருக்கு" என்றாள். அலுவலரும் எழுதிக்கொண்டார். அடுத்த வாய்தா.

இரண்டாம் தடவை சம்பத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதற்குப் பதிலாக அவர் என்னைப்பற்றி நல்லவிதமாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தார். நேத்ராவை நான் பொறுப்பாக வளர்ப்பதாகவும், தான் செய்தது தப்புதான் என்றும் எழுதியிருந்தார். அலுவலர் அதைப் படித்துக் காட்டினார். பிரதி கைகொட்டிச் சிரித்தாள்.

"சம்பத்து என்னைப் பாராட்டி எழுதறானா? கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல ரசம் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாத மனுசன். என்னமோ பெருசா நடக்குது. நீ பயப்படாத, நான் விடமாட்டேன்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையை உடைக்கலாம் போலிருந்தது. அலுவலரிடம், "ஏனுங்க மேடம், உயிரோட இருக்கறவ நானுங்க. அது வெறும் படம்" என்றேன். "படத்துக்குச் சட்ட அந்தஸ்து இருக்குங்க, உங்களுக்கு இந்த அறையில இல்லீங்க" என்று அமைதியாகச் சொன்னார்.

ஆறு வருஷத்துக்கு முன் எடுத்த அச்சை வைத்து இன்றைக்கு ஒருவருக்குப் பல் செட் செய்ய முடியாது. ஈறு மாறியிருக்கும், எலும்பு தேய்ந்திருக்கும். செய்து மாட்டினால் புண்ணாகும். எங்கள் லேபில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும். நீதிமன்றமோ பழைய அச்சைத்தான் மாட்டச் சொல்கிறது, வலிக்கிறது என்றால் வாய் தப்பு என்கிறது. இதையெல்லாம் நாச்சிமுத்துவிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வாய்தா தேதியைச் சொன்னார்.

மூன்றாம் தடவை நான் எதற்கும் தயாராகப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு. திரையில் அவள் வந்ததும் கத்தினேன்.

"ஆஸ்பத்திரியில பிள்ளை கை ஒடைஞ்சு கெடக்கறா. பெத்த அப்பன் கதவுக்கு வெளிய நிக்கறான். உன்னாலதான்டி! உன் ஒருத்தி கோவத்தால!"

அவள் முகம் மாறியது.

"பாப்பாவுக்குக் கை ஒடைஞ்சுதா? எப்ப?"

"மூணு மாசமாச்சு."

"இப்ப எப்படி இருக்கா?"

"சரியாயிருச்சு."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"காலையில பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தேன். ஒண்ணாங்கிளாஸ் மூணரைக்கு விட்டுருவாங்க. சாயங்காலம் அவளை யாரு கூட்டிட்டு வந்தது?"

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. அவளை விழிக்கவைக்கும் நேரம்தான் அவளுக்கு நேரம். நடுவில் இருக்கும் வருஷங்கள் அவளுக்குக் கிடையாது. அவளுக்கு இன்னும் அதே மதியம்தான். நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

"எனக்கு அது இன்னிக்கு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை வேண்டும் என்று சண்டை போட்டவள் இவள். தீர்ப்பு இவள் பெயரில்தான் வந்தது. அன்று முதல் இன்றுவரை பிள்ளையை இவள் கண்ணால் பார்க்கவில்லை. போனில் நேத்ராவின் படத்தை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டினேன். சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று அலுவலர் புரட்டிப் பார்த்தார். கூடாது என்றும் இல்லை, இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பல்லு வரிசையா வந்துருச்சு" என்றாள். பிறகு, "உத்தரவை மாத்த மாட்டேன். எனக்கு அவனை நம்ப முடியல. ஆனா நான் பக்கத்துல இருந்தா அவன் பாப்பாவைப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள்.

நாச்சிமுத்து சட்டென்று எழுந்தார். அவ்வளவு வேகம் அவரிடம் நான் பார்த்ததில்லை.

"மேடம், உத்தரவுல என்னங்க இருக்குது? தாயின் நேரடி மேற்பார்வை. சட்டப்படி அந்த உத்தரவுல தாய் யாருங்க? பிரதிதானுங்க. அப்ப பிரதி கூட இருந்தாலே போதுமே? எதையும் மாத்தவே வேண்டியதில்லையே?"

அலுவலர் மறுபடியும் புரட்டினார். மேலிடத்துக்குப் போன் செய்தார். கடைசியில் தலையாட்டினார். இத்தனை மாத அலைச்சலுக்கு இப்படி ஒரு சந்து வழி இருந்திருக்கிறது.

நேத்ராவின் பட்டையிலேயே அவளை ஏற்றினார்கள். குரலும் பார்வையும் மட்டும், வேண்டுமானால் சுவரில் முகமும் தெரியும். சம்பத் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் விழிப்பாள். அன்றுமுதல் எல்லாக் கதவும் சம்பத்துக்குத் திறந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேத்ரா நேராக அப்பா பட்டறைக்குப் போனாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் தடவையாக மதியம் தூங்கினேன். நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி.

நேத்ரா அவளைப் பட்டையம்மா என்று கூப்பிட்டாள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"பட்டையம்மா அப்பாவை என்ன திட்டு திட்டறாங்க தெரியுமாம்மா? பழனிக் கதையை முழுசாக் கேட்டாங்க. அப்பா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் அழுதாங்க."

என்னிடம் சம்பத் பழனியைப்பற்றிப் பேசியதே இல்லை. நாங்கள் காபி குடித்துப் பழகிக்கொண்டோம், அவ்வளவுதான். கோபம் ஆறிவிட்டால் கேட்க வேண்டியதையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது. அவளுக்கு ஆறவில்லை, அதனால் கேட்டாள், அவர் பதில் சொன்னார்.

அவளுக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. இடுப்பு வலிக்காது. நேத்ரா ஒரே கதையை நாலு தடவை சொன்னாலும் புதிதாகக் கேட்பாள். ஆறு வருஷத்தைத் தவறவிட்ட ஏக்கம் வேறு. நான் லேபிலிருந்து பிளாஸ்டர் தூசியோடு வந்து, "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்பவள். சனி ஞாயிறு மட்டும் என்று அப்பா வீட்டில் தங்கப் போன நேத்ரா, வெள்ளிக்கிழமையே கிளம்ப ஆரம்பித்தாள். பிறகு வியாழன்.

ஒரு நாள் நேத்ராவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அம்மாகூட இருக்கவே புடிக்கலையா கண்ணு?"

"அங்கயும் அம்மாகூடத்தானே இருக்கேன்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பட்டை என்ற சொல் எப்போது உதிர்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை யாரிடம் சொல்வது? என்மேலேயே எனக்குப் பொறாமை என்றால் சிரிக்க மாட்டார்களா?

சம்பத்துக்குப் போன் செய்து, வாரநாளில் பிள்ளை என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "வாணிகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார். நான்தானே வாணி என்றேன்.

போன வாரம் லேபில் இருக்கும்போது நாச்சிமுத்து கூப்பிட்டார். மெதுவாக ஆரம்பித்தார், அவர் குரலே சரியில்லை.

"அம்மிணி, உங்க பொண்ணு விசயமா உத்தரவை மாத்தச் சொல்லி ஒரு மனு வந்திருக்குங்க. பிள்ளையை நிரந்தரமா அப்பா வீட்டுலயே வெச்சு வளக்கோணுமாம். உங்க வீட்டுக்கு எப்பவாச்சும் வந்துட்டுப் போகுமாம்."

"சம்பத்து போட்டாரா? இத்தனை செஞ்சும் புத்தியைக் காட்டிட்டாரா?"

"அவரு போடலீங்க."

"அப்புறம் யாருங்க சார்?"

"கோகிலவாணின்னு போட்டிருக்குதுங்க."

கையிலிருந்த கடவாய்ப்பல் கீழே விழுந்து உருண்டது. அவள்தான். உத்தரவை மாற்றவே மாட்டேன் என்றவள்.

"நேத்ரா என்னங்க சொன்னா?"

"பாப்பாவைக் கேட்டாங்க. அம்மாகூடத்தான் இருப்பேன்னு சொல்லியிருக்குது. அவரும் ஆட்சேபணை இல்லைன்னுட்டாரு."

இருந்தாலும் ஒரு தைரியம் வந்தது. இதே நீதிமன்றத்தில் அலைந்து அலைந்து சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது.

"சரிங்க சார். பிள்ளையை வெச்சு வளக்கறவ நானு. என் சம்மதம் இல்லாம உத்தரவை எப்படி மாத்துவாங்க? நான் ஒத்துக்கவே மாட்டேன். எத்தனை வாய்தா போட்டாலும் சரி, மாட்டேன்."

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அதைத்தானுங்க அம்மிணி சொல்ல வந்தேன். உங்க சம்மதத்தை நேத்தே கேட்டுட்டாங்க."

"என்கிட்ட யாருமே கேக்கலையே!"

"உங்ககிட்ட எப்படிங்க கேப்பாங்க? சட்டப்படி பிரதிகிட்டத்தானே கேக்கோணும். கேட்டாங்க. மனசாரச் சம்மதம்னு சொல்லியிருக்கீங்க."